மூன்று மூடியும் கொஞ்சமும்

அன்று ஏழாம் வகுப்பில் சோதிக்கப்படவிருந்தவர் ஆசிரியையே ஒழிய மாணவர் அல்லர். அவருடைய தகுதிகாண் காலம் அன்றோடு முடிந்தது. முழங்கால் மேசையில் இடிக்க, கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த ஆய்வாளர், பிள்ளைகள் காதில் விழாதபடி ஆசிரியையை அருகே அழைத்துச் சொன்னார்.

“பாடத்திட்டத்துல என்ன இருக்கு? எந்த வட்டமா இருந்தாலும் சுற்றளவு, விட்டத்தைவிட மூணு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். அதைப் பசங்களே செஞ்சு கண்டுபிடிக்கணும். நீங்க வாயைத் திறந்து சொல்லிட்டா, வேலை நிரந்தரம் ஆகாதும்மா.”

ஆசிரியை தலையசைத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வட்டப் பொருளும் வெள்ளைக் கயிற்றில் ஒரு துண்டும் கொடுத்தார். கயிறு, காலை அவசரத்தில் மாமியாரின் தையல் பெட்டியிலிருந்து கேளாமல் எடுத்தது. அந்த மாமியார்தான் இப்பள்ளியின் தலைமையாசிரியை.

பிள்ளைகள் கயிற்றைச் சுற்றினார்கள், அளந்தார்கள், விட்டத்தால் வகுத்தார்கள்.

“டீச்சர், எங்க தட்டுக்கு ரெண்டு!”

“எங்க வாளிக்கு அஞ்சரை!”

“போடா, வாளி எப்படிடா அஞ்சரை? எங்களுக்கு நாலு!”

ஆய்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

வாயாடி என்று வகுப்பே அழைக்கும் சிறுமி கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறுமுனை அவள் தோழியிடம் இருந்தது. “டீச்சர், இந்தக் கயிறு வளருது!” என்று கூவியபடி அதைக் கடைசி பெஞ்சு வரை இழுத்துக்காட்டினாள். தோழிக்குச் சிரிப்புத் தாளவில்லை, பிடியை விட்டாள். வாயாடியும் கையை உதற, கயிறு பறந்து ஆய்வாளரின் காதில் சுளீரென்று விழுந்தது.

அது கயிறே அன்று, இலாஸ்டிக்.

“ஐயோ, அத்தை!” என்றார் ஆசிரியை. வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“கயிறே வேணாம் டீச்சர், உருட்டிப் பாக்கலாமா?” என்றாள் வாயாடி.

சபாஷ் என்று சொல்லப் போன ஆசிரியை, வாயை இறுக மூடிக்கொண்டு வாசலைக் காட்டினார்.

வகுப்பே வராந்தாவில் கொட்டியது. தண்ணீர்ப் பானையின் மூடி விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார்கள். அப்புள்ளி மறுபடி தரையைத் தொடும்வரை உருட்டி, உருண்ட தூரத்தைக் கோடாக்கினார்கள். அக்கோட்டின்மேல் அதே மூடியைப் படுக்கவைத்து, அடுத்தடுத்து நகர்த்தினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, கொஞ்சம் மிச்சம். தட்டை உருட்டினார்கள்: மூன்று, கொஞ்சம் மிச்சம். மருந்துப் புட்டியின் குட்டி மூடியும் அதையே சொன்னது.

“மூணும் கொஞ்சமும்! மூணும் கொஞ்சமும்!” என்று வராந்தா அதிர்ந்தது.

“இருங்க, இருங்க. எல்லாம் உங்க டீச்சர் பொறுக்கி எடுத்துட்டு வந்ததுதானே?” என்ற ஆய்வாளர், தம் சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு வந்து குத்துக்காலிட்டு அமர்ந்தார். உருட்டினார். கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார்.

“அட!”

“மறுபடி உருட்டுங்க சார்!”

மகிழ்ச்சியில் அவர் கை சற்று வேகமாகத் தள்ளிவிட்டது. மூடி ஓடியது, பின்னால் ஆய்வாளர் ஓடினார், அவருக்குப் பின்னால் ஏழாம் வகுப்பு முழுவதும் ஓடியது. தலைமையாசிரியையின் அறை வாசலில் ஒரு செருப்புக்கால் மூடியை மிதித்து நிறுத்தியது.

“வராந்தாவுல ஓடினது யாரு?”

“நான்தாங்க மேடம்,” என்றார் ஆய்வாளர், மூச்சு வாங்க.

தலைமையாசிரியை மூடியை எடுத்துத் தம் முந்தானையால் துடைத்தார். “எத்தனை வந்துச்சு?”

“மூணும் கொஞ்சமும்.”

“பசங்களே கண்டுபிடிச்சாங்களா?”

“சத்தியமா. டீச்சர் வாயையே திறக்கலைங்க.”

“அப்ப கையெழுத்தைப் போட்டுட்டு மூடியை வாங்கிக்குங்க.”

ஆய்வாளர் அங்கேயே, சுவரில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். பிள்ளைகளின் ஆரவாரத்திடையே தலைமையாசிரியை மருமகளின் பக்கம் குனிந்தார்.

“மெத்தை உறைக்கு வாங்கி வச்ச இலாஸ்டிக்டி அது. சாயங்காலம் நீயே உக்காந்து தைக்கிற.”

“சரிங்க அத்தை,” என்ற நிரந்தர ஆசிரியைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.