சிங்கத்தின் வலது கால்

விமானம் இன்னும் நகரவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் லிஃப்ட்காரருக்கு வேர்த்துவிட்டது. இடுப்புப் பட்டையின் இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, எது எதற்குள் போகும் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். முப்பத்தைந்து வருஷம் ஊரிலிருந்த லிஃப்டையெல்லாம் கழற்றிப் பூட்டிய கை அது. ஒரு கொக்கி அந்தக் கைக்குப் பெரிய விஷயமா? பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி, அவர் மாட்டுவதைப் பார்த்துத் தானும் மாட்டலாம் என்று காத்திருந்தாளே, அதுதான் சங்கடம்.

"நீங்கதான் ஏற்கெனவே போனவராச்சே, எனக்கும் சேத்து மாட்டி விடுங்க" என்றாள்.

"அந்தக் காலத்துல வேற மாதிரி இருந்துச்சு" என்றார் அவர்.

போயிருந்தால்தானே! அந்த மனுஷன் ஜென்மத்தில் விமானம் ஏறியதில்லை. இந்த விஷயம் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முப்பத்திரண்டு வருஷமாக அதை மென்று முழுங்கிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால், கம்பெனி இரண்டு மெக்கானிக்குகளைப் பயிற்சிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது. விமானத்தில் போய், எட்டு நாள் தங்கி, லீவு நாளில் அங்கே மலையில் செதுக்கிய பழைய சிங்கத்தையும் பார்த்துவிட்டு வரலாம். தெருவே திரண்டு வந்து இவரைப் பஸ் ஏற்றி விட்டது. ஆனால் கிளம்புகிற இடத்தில் ஒரு தேர்வு வைத்தார்கள். கூட வந்த வேறு ஊர்க்காரன் தேறினான், இவர் தோற்றார். வழியனுப்ப வந்தவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போவது? சிநேகிதன் ஒருவனின் அறையில் எட்டு நாளும் சீட்டாடிக்கொண்டு கிடந்தார். திரும்பி வந்த கூட்டாளி ஒரு படம் போட்ட அஞ்சலட்டை கொடுத்தான். சிங்கத்தின் படம். அதை மனப்பாடம் செய்துகொண்டு, கிழித்துப் போட்டுவிட்டு, பார்த்துவிட்டு வந்தவராக ஊருக்குள் நுழைந்தார்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதமே கல்யாணப் பேச்சு வந்தது. பெண் தையற்காரி, அண்ணன் வீட்டில் இருந்தாள். அவளைக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். மற்றவனுக்குச் சொந்த வீடு இருந்தது. ஆனாலும் அவள் அண்ணனிடம், "வீடு எல்லாரும் கட்டலாம். இவர் உலகம் பாத்தவர், இவரே போதும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தச் சிங்கம் அவர்கள் வீட்டு ஆளாகிவிட்டது. அளவு கொடுக்க வந்தவர்கள் கழுத்தில் டேப்போடு நின்று அவளிடம் அந்தக் கதையைக் கேட்டே தீர வேண்டும். "வலது காலைத் தூக்கிக்கிட்டு நிக்குமாம். இவர் அதுக்கு நேர் கீழ நின்னு பாத்தாராம். வலது பக்கம் படிக்கட்டு, தொண்ணூத்தாறு படி, எண்ணிக்கிட்டே ஏறினாராம்!" அந்தத் தொண்ணூற்றாறு அஞ்சலட்டையில் இல்லை. நூறு என்றால் நம்ப மாட்டார்கள் என்று நாலைக் குறைத்து அவராகச் சொன்னது.

இப்போது மகள், கல்யாண நாள் பரிசு என்று இரண்டு டிக்கெட் அனுப்பிவிட்டாள். காலையில் கிளம்பி, பார்த்துவிட்டு, சாயங்காலமே வீடு திரும்பலாம். வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. "பாத்ததையே எதுக்குப் பாக்கணும்?" என்று அவர் நழுவப் பார்த்தார். "நான் பாக்கலையே" என்றாள் மனைவி. அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

விமானத்திலிருந்து இறங்கி, ஊர் சுற்றிக் காட்டுகிற பஸ்ஸில் ஏறிய பத்தாவது நிமிஷத்தில், பஸ்ஸிலிருந்த இருபது பேருக்கும் சேதி தெரிந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலயே பாத்துட்டார்!" முன் இருக்கையிலிருந்த மருந்துக்கடைக்காரர் வாய்க்கு ஓய்வு கொடுக்காத ஆசாமி. "அப்ப கைடு எதுக்கு? சாரே போதுமே!" என்றார். சிவப்புக் குடையோடு நின்றிருந்த வழிகாட்டிப் பெண்ணும் சிரித்தாள். சின்னப் பெண், மகளைவிட இளையவள். லிஃப்ட்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மலையைச் சுற்றிப் பஸ் திரும்பியது. எல்லோரும் இறங்கினார்கள்.

மூன்று மாடி உயரம். மலையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது போல நின்றது சிங்கம். பிடரியின் ஒவ்வொரு சுருளும் ஓர் ஆள் பருமன். லிஃப்ட்காரர் தன்னை மறந்து, "அடேயப்பா!" என்று கத்திவிட்டார்.

"புதுசா பாக்கற மாதிரி பாக்கறீங்களே!" என்று மனைவி சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. சட்டையை எட்ட நின்று பார்த்தே தோள்பட்டை அரை அங்குலம் இறங்கியிருப்பதைச் சொல்கிற கண் அவளுடையது.

"ஏங்க... இடது காலையில்ல தூக்கியிருக்கு?"

அவர் பார்த்தார். இடது கால்தான். படிக்கட்டும் இடது பக்கம்தான் இருந்தது.

"அது... மாத்தி வச்சிருப்பாங்க. ரிப்பேர் பண்ணும்போது."

"ஐயா, இது மலையிலயே செதுக்கினது. ஒரே பாறை" என்றாள் வழிகாட்டிப் பெண். "மாத்தி வைக்கணும்னா மலையைத்தான் மாத்தி வைக்கணும்."

கூட்டம் சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. "படி தொண்ணூத்தாறுதானே?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொண்ணும்மா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு. அந்தப் பெண் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பாவம், அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள். "நிறைய பேர் வலது கால்னுதான் சொல்லுவாங்க. ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு போஸ்ட்கார்டு இடம் வலம் மாறி அச்சாயிடுச்சு. அதைப் பாத்தவங்களுக்கெல்லாம் இப்படி ஆயிடும். நேர்ல வந்து பாத்தவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"அப்ப என் வீட்டுக்காரர் நேர்ல வரலைங்கிறியா?" மனைவியின் குரல் அந்தப் பாறையில் முட்டித் திரும்பி வந்தது. "போஸ்ட்கார்டைப் பாத்துட்டுக் கதை விட்டார்ங்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்தவர்மா அவர்! இருபது பேருக்கு முன்னாடி பெரிய மனுஷனைப் பொய்யன்னு சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம்?"

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலைம்மா..."

"விடு, விடு" என்றார் லிஃப்ட்காரர்.

"எதுக்கு விடணும்? நீங்க பேசாம இருக்கறதாலதான் ஆளாளுக்குப் பேசறாங்க."

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். பூமி பிளந்து ஆளை விழுங்கிவிடக் கூடாதா என்று நினைத்தார். பூமி ஏன் பிளக்கப் போகிறது? அத்தனை பெரிய சிங்கத்தையே தாங்கிக்கொண்டு அசையாமல்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், மனைவி பயணக் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் புகார்த் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பவ்வியமாக நீட்டினார். அவள் சாப்பிடாமல் எழுத ஆரம்பித்தாள்.

லிஃப்ட்காரர் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனார். குழாயடிக்கு வழிகாட்டிப் பெண்ணும் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. உங்களை மனசுல வச்சு நான் சொல்லலை."

அவர் கழுவின கையையே மறுபடி கழுவினார்.

"வேலைக்குச் சேந்து நாலு மாசம்தான் ஆச்சு. ஆறு மாசம் புகார் இல்லாம இருந்தாத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க. தப்பு என் மேலதான் ஐயா. அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"பரவாயில்லைம்மா" என்றார் லிஃப்ட்காரர். "மனசுல வச்சுக்கலை. போ."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவர் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தார். உண்மையைச் சொன்ன பெண் மன்னிப்புக் கேட்கிறாள், பொய் சொன்ன இந்தப் பெரிய மனுஷன் பெருந்தன்மையாக மன்னிக்கிறார்! த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்னையே காறித் துப்பத் தோன்றியது. அதற்குப் பிறகு காட்டிய கோட்டை வாசல், குளம், தூண் மண்டபம் எதுவும் அவர் மனசில் ஏறவில்லை.

சாயங்காலம் விமான நிலையத்தில் காத்திருக்கும் கூடத்தில், மனைவி பையிலிருந்து தாளை எடுத்தாள். பக்கம் நிறைய எழுதியிருந்தாள். "நேரில் கண்ட என் கணவரை" என்று ஆரம்பித்தது. வழியனுப்ப வந்திருந்த வழிகாட்டிப் பெண்ணும் மேனேஜரும் நாலு வரிசை தள்ளி மற்றவர்களோடு நின்றிருந்தார்கள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மேனேஜர்கிட்ட கொடுத்துட்டு வந்துடறேன்."

அவர் பேனாவை வாங்கினார். ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வீட்டில் இனி யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பெண் வேறு வேலை தேடிக்கொள்ளட்டும். ஒரு நிமிஷம் இதையெல்லாம் நிஜமாகவே நினைத்தார். பிறகு பேனாவை மூடினார்.

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நான் போஸ்ட்கார்டைத்தான் பாத்தேன்."

மனைவிக்கு முதலில் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தேர்வு, தோற்றது, சிநேகிதன் அறை. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கட்டிக் காத்தது அவ்வளவுதான் இருந்தது.

"எட்டு நாளும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"சீட்டாடினேன்."

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் தாளை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்கிட்ட என்ன சொல்லி உங்களைக் கட்டிக்கிட்டேன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பவே உண்மையைச் சொல்லியிருந்தா கட்டியிருப்பேனா, மாட்டேனான்னு எனக்கே இப்ப தெரியலை" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். "அந்தக் குழந்தையை என்ன பாடு படுத்திட்டேன்!"

எழுந்து நேராக அந்தக் கூட்டத்துக்குள் போனாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

"இங்க பாரும்மா" என்று வழிகாட்டிப் பெண்ணின் கையைப் பிடித்தாள். எல்லோரும் திரும்பினார்கள். "காலையில நான் உன்னைப் பேசினதெல்லாம் தப்பு. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கே இடது கால்னுதான் சொல்லியிருக்கார். நான்தான் வலதுன்னு மாத்திப் பிடிச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்திருக்கேன். அவர் என்னை விட்டுக்கொடுக்க முடியாம ரிப்பேர் அது இதுன்னு சமாளிச்சார். மேனேஜர் சார், நீங்களும் கேட்டுக்கங்க. புகார் ஒண்ணும் இல்லை."

மருந்துக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? "ஏம்மா, நீங்க தையற்காரம்மான்னு சொன்னீங்கல்ல? இடது வலது தெரியாமயா இவ்வளவு நாள் சட்டைக்குக் கை வச்சுத் தச்சீங்க?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஒரு கையை மாற்றித் தைக்காதவள், "ஆமாங்க, வயசாயிடுச்சு" என்று தானும் சேர்ந்து சிரித்தாள்.

லிஃப்ட்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"இல்லை! அவ சொல்றது பொய்!" என்று கத்தினார். "நான் இங்க வந்ததே இல்லை. விமானத்துலயே இன்னிக்குத்தான் ஏறினேன். போஸ்ட்கார்டைப் பாத்துட்டு முப்பத்திரண்டு வருஷமா இவளை ஏமாத்திட்டு இருக்கேன். இடது வலது தெரியாதவ இல்லை இவ!"

மருந்துக்கடைக்காரர் வந்து அவர் தோளில் கை போட்டார்.

"சார், பொண்டாட்டியை நாலு பேர் கிண்டல் பண்ணிட்டாங்கன்னு இப்படி ஒரு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்களே! பெரிய மனசு சார் உங்களுக்கு."

"நிஜமா சொல்றேங்க!"

"சரி சரி, நிஜம்தான்" என்று கண்ணடித்தார் அவர். மேனேஜரும் புன்னகையோடு தலையாட்டினார். யாரோ கைதட்டினார்கள். வழிகாட்டிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை, குடையை மடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவர் சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் இன்னும் கொஞ்சம் அவரை மெச்சினார்கள். கூனிக் குறுகி நின்றார். இவ்வளவு பாராட்டு வாழ்நாளில் அவருக்குக் கிடைத்ததில்லை.

மருந்துக்கடைக்காரரின் மனைவி, தையற்காரியின் முழங்கையைத் தொட்டாள்.

"கொடுத்து வச்சவங்க நீங்க. இப்படி ஒரு மனுஷன் யாருக்கு அமையும், சொல்லுங்க?"

தையற்காரி தன் கையிலிருந்த புகார்த் தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே.