தேத்தண்ணிக் காட்சி

“அம்மா, இந்தப் படத்திலை உங்கட பேர் என்ன?”

மகள் ஜென்சி ஆறு வயதில் கேட்ட கேள்வி. லண்டன் வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால், வாய் நிறைய பிஸ்கட்டோடு கேட்டாள். றொசானா நடிகை; ஆனால் அவள் பாத்திரங்களுக்குப் பெயர் இருப்பதில்லை. அந்தப் படத்தில் அவள் ‘இரண்டாவது தாதி’. அதற்கு முன் ‘கடைக்காரப் பெண்’. பிறகு ‘அழும் தாய்’. அது எத்தனை தரம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் பிரித்தானியப் படங்களில் இப்படியே போயிற்று. “உங்களை எங்கேயோ கண்டிருக்கிறேன், எங்கள் ஆஸ்பத்திரியிலா வேலை?” என்று பஸ்ஸில் சனம் கேட்கும். ஆமாம் என்று சொல்லி இறங்கிவிடுவாள். கோபம் ஆறுமட்டும் நடப்பாள்.

பெயருள்ள பாத்திரம் அறுபத்திரண்டு வயதில்தான் வந்தது. மகனைப் பறிகொடுத்த தாய், கதையே அவளுடையது. படப்பிடிப்பு கனடாவின் மொன்றியல் நகரில். அங்கே பியர்பொன்ட்ஸ் பகுதியில் யோசெப்பின் என்ற மன்னார்ப் பெண்ணின் வீட்டைப் படக்குழு வாடகைக்கு எடுத்திருந்தது. யோசெப்பின் வாசலிலேயே காவல் நின்று, தமிழில் அதட்டிப் பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

“சப்பாத்து! சப்பாத்தைக் கழட்டுங்கோ! மெர்சி!”

காட்சி வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். மகன் இறந்த செய்தி தாய்க்கு வருகிறது. இயக்குநர் எத்தியனுக்கு முப்பது வயதுகூட இராது.

“இன்னும் சத்தமாக. நெஞ்சில் அடியுங்கள், தரையில் விழுங்கள். உங்கள் ஆட்கள் அப்படித்தானே அழுவார்கள்?”

“எந்த ஆட்கள்?” என்றாள் றொசானா.

“உங்களுக்குத் தெரியாததா!” அவன் சிரித்தான்.

விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். ஒவ்வொரு முறை விழும்போதும் கோபம் ஏறியது. இந்த ஓலத்தைத்தான் நாற்பது வருடமாக அவளிடம் வாங்குகிறார்கள். பெயர் தந்த பிறகும் அதுவேதானா?

மத்தியானம் எல்லோரும் வெளியே கூடாரத்தில் சாப்பிடப் போனார்கள். யோசெப்பின் அவளை மேசைக்கு இழுத்துவந்து புட்டும் மீன்குழம்பும் வைத்தாள்.

“அவங்கட சாண்ட்விச்சைத் திண்டிட்டோ இவ்வளவு கத்துறியள்? சாப்பிடுங்கோ அக்கா. விழுத்தி விழுத்தி எழுப்புறான், முழங்கால் என்ன ரப்பரோ?”

றொசானாவுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அந்த இளக்கத்தில், தொழில் பழக்கத்தில், கேட்டுவிட்டாள்.

“நீங்கள் எண்டால் எப்பிடி அழுவியள் யோசெப்பின்?”

யோசெப்பின் குழம்புச் சட்டியை மூடினாள்.

“நான் அழேல்லை அக்கா. என்ர மகன் றஜிந்தன் ஹைவேயிலை அடிபட்டுப் போனவன். ரெண்டு பொலிஸ் வந்து நிண்டாங்கள். பனி அள்ளுற நாள், எங்கட கார் றோட்டிலை நிக்குது, எடுங்கோ எண்டு சொல்ல வந்தவங்களாக்கும் எண்டு நினைச்சன். அவங்களைக் கதைக்க விடேல்லை. ‘இந்தக் குளிருக்கை நிக்காதேங்கோ’ எண்டு இருத்தித் தேத்தண்ணி ஊத்தினன். அதிலை இளம் பொலிஸ்காரன்ர கை கோப்பையோடை நடுங்கினது. குளிர் எண்டு நினைச்சு அவனுக்கு இன்னுங் கொஞ்சம் ஊத்தினன்.” அவள் குரல் இறங்கியது. “பிள்ளை அங்கை கிடக்க நான் சீனி போதுமோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். சேர்ச்சிலை சுவாமிக்குக்கூடப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லேல்லை. உங்களுக்குத்தான் சொல்லுறன்.”

றொசானா அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் பொய் இல்லை.

ஆனால் சாப்பாட்டுக்குப் பின் எத்தியன் மறுபடி, “நெஞ்சில் அடிக்க மறக்காதீர்கள்” என்றபோது கோபம் கண்ணை மறைத்தது. இவனுக்குக் காட்டுகிறேன் என்று நினைத்தாள். கமெரா ஓடியது. செய்தி சொல்ல வந்த நடிகனை வாய் திறக்கவிடாமல் இருத்தினாள். கேத்தலைத் தூக்கினாள். ஊற்றினாள். அவன் குளிரில் நடுங்குவதாகப் பாவித்து இன்னுங் கொஞ்சம் ஊற்றினாள். “சீனி போதுமோ?” என்று கேட்டாள்.

எத்தியன் கண்ணைத் துடைத்தான். “உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய காட்சி இதுதான்.”

அது உண்மை என்று றொசானாவுக்கும் தெரிந்தது. திரும்பினாள். குசினி வாசலில் யோசெப்பின் நின்றாள்.

“கெட்டிக்காரி,” என்றாள் யோசெப்பின். தமிழில், மெல்லிய குரலில். வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. “என்ர குசினியிலை, என்ர கேத்தலாலை. சுவாமிக்குச் சொல்லாததை ஊர் உலகத்துக்குக் காட்டிப்போட்டியள். என்ன?”

“யோசெப்பின்...”

“தொடாதேங்கோ.” குளிர்க் கோட்டின் பொத்தானைக்கூடப் பூட்டாமல் வெளியே போய்விட்டாள்.

ஒருவர் நம்பிச் சொன்ன துயரம், தூங்கும் தன் பிள்ளையை அவர் நம் மடியில் வைத்துப் போனதுபோல. அதைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகலாமா? றொசானாவின் கோபம் முழுவதும் இப்போது அவள்மேலேயே திரும்பியது. காட்சியை நீக்கச் சொல்லி எத்தியனிடம் கேட்டால் விடமாட்டான். உண்மைக் கதையா, இன்னும் நல்லது என்பான்.

ஆனால் இதுவரை எடுத்தது தூரத்திலிருந்துதான். அவள் முகம் பாதிதான் தெரிந்தது. இனிக் கமெராவைக் கிட்டக் கொண்டுவந்து, அதே அசைவுகளை அவள் அப்படியே திரும்பச் செய்யவேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் முதலாவதை எறியத்தான் வேண்டும்.

கமெரா கிட்ட வந்தது. றொசானா கேத்தலை மறந்தாள். அடுத்த தரம் வசனத்தை மறந்தாள். பிறகு கோப்பையை இடக்கையால் எடுத்தாள்.

“என்ன நடக்கிறது உங்களுக்கு?” எத்தியன் கத்தினான்.

“வயதாகிவிட்டது. நினைவில் நிற்கவில்லை.”

லண்டனிலிருந்து இந்தக் கிழவியை ஏன் கூட்டிவந்தோம் என்று யாரோ பிரெஞ்சில் முணுமுணுத்தார்கள். அவளுக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். மறுபடியும் கோப்பையை இடக்கையால் எடுத்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் எத்தியன் கையை விரித்தான்.

“சரி, பழையபடி அழுங்கள்.”

றொசானா நெஞ்சில் அடித்தாள். தரையில் விழுந்தாள். அவள் வெறுத்த அந்த ஓலத்தை, ஒரு குறையும் வைக்காமல், முழுவதுமாகக் கொடுத்தாள்.

படப்பிடிப்பு முடிந்தபோது பஸ் தரிப்பிடத்தில் யோசெப்பின் தனியே நின்றாள். அவ்வளவு நேரமும் எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நின்றிருக்கிறாள். றொசானா நொண்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“என்னை மன்னிக்கவேணும் பிள்ளை. செய்தது பெரிய பிழை.” யோசெப்பின் திரும்பாததால் றொசானா தொடர்ந்தாள். “அந்தக் காட்சி வராது. கமெராவைக் கிட்டவைச்சு எடுக்கேக்கை எல்லாத்தையும் மறந்துபோனன். எறிஞ்சுபோட்டாங்கள்.”

யோசெப்பினின் தோள் மெல்ல இறங்கியது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

“நாற்பது வருசம் நடிச்சனீங்களாம். ஒரு தேத்தண்ணி ஊத்த நினைவில்லையோ?”

றொசானா அவளுடைய கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

“ஓம் பிள்ளை,” என்றாள். “நினைவில்லை.”