பிள்ளைத்தாச்சி வள்ளம்

"பெட்டியைக் கீழ வைக்காதேங்கோ. நேர வள்ளத்துக்குக் கொண்டு போங்கோ."

மீனலோசனி இதைச் சொன்னதும் பெட்டியைத் தூக்கிவந்த நால்வரும் குறிகட்டுவான் துறையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்கள். எந்த வள்ளம் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு நாளாகச் சோளகக் காற்று பேயாய் வீசியதில் நெடுந்தீவுக்கு ஓடும் வள்ளங்கள் எல்லாம் ஒதுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. துறையில் நின்றது ஒன்றுதான். முன்பக்கம் மாவிலைத் தோரணம் கட்டி, இன்னும் ஒரு பயணிகூட ஏறாத வள்ளம். பெட்டிக்குள் கிடந்த அவள் புருசன் தம்பிஐயா தேடி எடுத்த வள்ளம்.

"உனக்கென்ன விசரோ, பிள்ளை?" தமையன் சிவபாதம் வான் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "வெள்ளிக்கிழமை நிறைகுடம் வைச்சு, நயினாதீவு அம்மனிட்டக் கொண்டுபோய்த் தொடங்கவேண்டிய வள்ளம் இது. கன்னிப் பயணத்தில பிரேதத்தை ஏத்தினால் பேந்து ஒரு காகம்கூட இதில ஏறாது. பிண வள்ளம் எண்டு பேர் வைச்சிடுவாங்கள்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள், அண்ணை?"

"இங்க புங்குடுதீவிலயே எரிப்பம். பிள்ளையள் ரெண்டும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரட்டும்."

மீனலோசனி கடலைப் பார்த்தாள். அந்தப் பக்கம், நெடுந்தீவு வீட்டில், அவளுடைய இரண்டு பெண்களும் தகப்பன் முகம் பார்க்கக் காத்திருந்தார்கள். தபால் கந்தோருக்குப் போன் எடுத்து, அப்பாவைக் கொண்டு வாறன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். காற்றுத் தணியும்வரை வைத்திருக்கப் பிரேதம் என்ன கருவாடா? வாயில் வந்த அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள். சிவபாதம் சொன்னதும் பொய்யில்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. அந்த மனுசன் மூன்று வருசம் அலைந்து எடுத்த வள்ளம். அவரை ஏற்றி ஒரு வழி போய்விட்டு, பிறகு ஆளில்லாமல் துறையில் கிடந்து உக்கினால், அவரை இரண்டு தரம் எரித்ததாக ஆகாதா?

அந்த வள்ளத்தைத் தெரிவுசெய்த கதையைச் சொன்னால் நெடுந்தீவில் இன்றைக்கும் சிரிக்கிறவர்கள் உண்டு. விலைக்கு வள்ளம் வேண்டப் போகிறவன் முதலில் கேட்பது என்ன? எவ்வளவு வேகம் ஓடும் என்றுதான். நீர்கொழும்பிலும் மன்னாரிலும் தம்பிஐயா கேட்டதே வேறு. ஒருதரம் எண்ணெய் நிரப்பினால் எவ்வளவு தூரம் போகும்? குடிதண்ணீர் எத்தனை பீப்பாய் வைக்கலாம்? உள்ளே ஒரு பெண் நிமிர்ந்து நின்று சேலை மாற்ற இடம் இருக்கிறதா? கடைசியாக ஒன்று கேட்பார். அதைக் கேட்டதும் வள்ளக்காரர் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

"கக்கூசு எங்க கட்டலாம்?"

"வள்ளத்துக்குள்ள கக்கூசோ, அண்ணை? சுத்திவரக் கடல் கிடக்குதே!"

"ஆம்பிளையளுக்குக் கிடக்கு" என்பார் அவர்.

சிவபாதத்துக்கு ஊர்காவற்றுறையில் நின்ற ஒரு வள்ளத்தில்தான் கண். தட்டையான அடி, இரண்டு எஞ்சின், தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். "அரை மணியில நெடுந்தீவு, மச்சான்" என்று கையைச் சொடுக்கிக் காட்டினார்.

"நெடுந்தீவுக்குப் போக எனக்கு வள்ளம் தேவையில்லை. இருக்கிறதே போதும். சனத்தைத் திருக்கோணமலைக்குக் கொண்டு போகவேணும். கோணேசரைக் கும்பிட்டு, ரெண்டு நாள் தங்கி, கடலாலயே திரும்பிவரவேணும். பறக்கிறது அந்தத் தூரத்துக்கு எண்ணெயைக் குடிச்சே முடிச்சுப்போடும்."

வல்வெட்டித்துறையில் சாமான் ஏற்றித் திரிந்த ஒரு பழைய மரவள்ளத்தை அவர் கடைசியில் எடுத்தார். ஆழமான, உருண்ட வயிறு. அதற்கு ஒரு சின்ன எஞ்சின். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு நடை உண்டு, அதற்குமேல் முடுக்கினால் எண்ணெய்தான் போகும், வள்ளம் போகாது என்பது அவருடைய கட்சி. போதாக்குறைக்கு ஊரிலிருந்து கடலில் விளையும் முருகைக்கல் ஏற்றிக்கொண்டுபோய் அடியில் பாரமாக அடுக்கினார். இழவே, காசு கொடுத்து வள்ளம் வேண்டி அதற்குள் கல்லை ஏற்றுகிற மனுசனை எவர் கண்டார்? ஊர் அதற்குப் பிள்ளைத்தாச்சி வள்ளம் என்று பெயர் வைத்தது. கல் ஏற்றிய நாளில் முட்டை யாவாரி செல்லாச்சி துறையில் வைத்தே கேட்டாள்: "தம்பிஐயா, உன்ர வள்ளத்துக்கு எத்தினை மாதம்?"

மீனலோசனிக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் ஒருநாள் கோபித்துக்கொண்டாள். "ஊர் சிரிக்குது. அந்தக் கக்கூசுக் கதையையாவது விடுங்கோவன்."

அவர் சிரிக்கவில்லை. "நீ பயணம் போற நாளில தண்ணி குடிக்கிறேல்லை. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் பாக்கிறன். விடியத் தொடங்கி யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் ஒரு மிடறு குடிக்கமாட்டாய். அந்த ஆம்பிளைக் கூட்டத்துக்குள்ள இருந்து வாற உன்ர முகத்தை நான் பாத்தனான்." பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "என்ர வள்ளத்தில நீ வயிறு நிறையத் தண்ணி குடிச்சிட்டு ஏறலாம்."

இத்தனை வருசத்தில் அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. குசினிக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவரும் வள்ளம் ஓட்டும் தண்டையல் மனுவேலும் வல்வெட்டித்துறையிலிருந்து வள்ளத்தைக் கொண்டுவந்து இந்தத் துறையில் கட்டினார்கள். கட்டிய கயிற்றைக் கையிலிருந்து விடுமுன் தம்பிஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். வள்ளம் பார்க்க முதல்நாளே இக்கரைக்கு வந்திருந்த மீனலோசனியும் தமையனும் அவரை யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று விடியற்புறம் எல்லாம் முடிந்தது.

"மனுவேல் அண்ணை, போகலாமோ?" என்று மீனலோசனி கேட்டாள்.

மனுவேல் கடலைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார். "இதே காத்துக்குள்ளதான் நானும் அவரும் இதைக் கொண்டு வந்தனாங்கள், தங்கச்சி. மற்ற வள்ளம் எண்டால் மாட்டன் எண்டுதான் சொல்லுவன். இது ஆறுதலாப் போகும். ஆனால் போகும்."

"மனுவேல், நீர் சும்மா இரும்" என்றார் சிவபாதம். "பிள்ளை, பிரேதம் மட்டுமே? நீயும்... கைம்பெண்..."

"தாலி இன்னும் என்ர கழுத்திலதான் கிடக்குது, அண்ணை. வீட்டில வைச்சுத்தான் கழற்றுவினம். அதுமட்டும் நான் தம்பிஐயாவின்ர பெண்சாதி." அவள் குரல் துறை முழுதும் கேட்டது. "வள்ளத்தில முதல் ஏற ஒரு ஆள் வேணும். தேடித் திரிஞ்சு எடுத்த மனுசனைவிட ஆருக்கு அந்த உரிமை இருக்கு? கெட்டது எண்டால் அந்தக் கெட்டது என்ர குடும்பத்தோட போகட்டும். தூக்குங்கோ."

தூக்கினார்கள். பெட்டியை வள்ளத்தின் நடுவில், முருகைக்கல்லுக்கு மேல் பரவிய பலகையில் வைத்தார்கள். மனுவேல் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு எஞ்சினைச் சுழற்றினார்.

துறையில் நெடுந்தீவுச் சனம் நின்றது. இரண்டு நாளாக வீடு போக வழியில்லாமல், வெறும் கூடைகளோடும் மருந்துப் போத்தல்களோடும் காத்துக் கிடந்த சனம். மீனலோசனி அவர்களைப் பார்த்து, "இடம் கிடக்குது, வாருங்கோவன்" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். தெரிந்த முகங்கள்தான், தம்பிஐயாவோடு சேர்ந்து வெற்றிலை போட்டவர்கள்தான். எல்லோரும் தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இன்றைக்கு ஏறாவிட்டால் இனி என்றைக்கும் ஏறமாட்டார்கள் என்று அவளுக்கு விளங்கியது. கயிற்றை அவிழ்க்க மனுவேல் குனிந்தார்.

"நில்லும், மனுவேல்!"

செல்லாச்சி. ஊரில் சகுனம் பார்ப்பதென்றால் அவளுக்குப் பிறகுதான் மற்றவர்கள். பூனை குறுக்கே போனால் முட்டைக் கூடையோடு வீட்டுக்குத் திரும்புகிறவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"என்னத்துக்கு இப்பிடி முழுசிக்கொண்டு நிக்கிறியள்? வெளிக்கிடேக்க பிரேதம் எதிர்ப்பட்டால் போற காரியம் சித்தி எண்டு உங்கட கொப்புமார் சொல்லித் தரேல்லையோ? எதிர்ப்பட்டது மட்டுமே, கூடவெல்லோ வருது! இதைவிட என்ன நல்ல முழுவியளம் வேணும் உங்களுக்கு?" கூடையை வள்ளத்துக்குள் எறிந்தாள். "கையைத் தா, மீனலோசனி."

அவள் ஏறியதும் இன்னொருத்தி ஏறினாள். பிறகு ஒரு கிழவர். பிறகு எல்லோரும், ஏதோ தாங்கள் முன்பே நினைத்திருந்தது போல, முண்டியடித்துக்கொண்டு. சிவபாதம்தான் கடைசி. துறையில் தனியாக நிற்பது நன்றாக இல்லை என்று கண்ட பிறகு ஏறினார்.

ஒதுக்கம் கழிந்து திறந்த கடலுக்கு வந்ததும் அலை வந்து மோதியது. வள்ளம் துள்ளவில்லை. ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்தது, யோசித்தது, நிமிர்ந்தது. மறுபடி மெல்லச் சாய்ந்தது. கர்ப்பிணி படியேறுவது போலத்தான், ஊர் வைத்த பெயரில் பிழையில்லை. பெட்டி ஒரு விரற்கடை நகரவில்லை. குமட்டிச் சத்தி எடுக்கவென்று தயாராய் வந்த பெண்கள் கொஞ்ச நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். சிவபாதம் தண்ணீர் இறைக்கும் தகரத்தைக் கையில் எடுத்து, காலடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கல் காய்ந்து கிடந்தது. பலகையைத் திரும்பப் போட்டுவிட்டு, தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

மீனலோசனிக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு பெருமையும் நெஞ்சை முட்டியது. பாருங்கோடா, என்ர மனுசன் எடுத்த வள்ளத்தைப் பாருங்கோடா என்று எல்லோரையும் பார்த்துக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

செல்லாச்சி அரக்கி அரக்கி அவள் பக்கத்தில் வந்தாள். காதோடு வாயை வைத்தாள்.

"பிள்ளை... விடியத் தொடக்கம் அந்தத் துறையில, உவங்கள் எல்லாருக்கும் நடுவில... பின்னுக்கு உந்த மறைப்பு... அது சும்மா கட்டினதோ, இல்லை..."

"போங்கோ, அக்கா. உள்ளுக்குத் தண்ணி கிடக்குது."

செல்லாச்சி கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் எழுந்து அந்தக் கதவடியில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றொருத்தி.

மீனலோசனி பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பீப்பாயைத் திறந்தாள். செம்பு நிறையத் தண்ணீர் மொண்டாள். நெடுந்தீவு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. நடுக்கடலில், அத்தனை பேருக்கும் முன்னால், அண்ணாந்து அந்தச் செம்பு முழுவதையும் குடித்தாள்.