குழி வாயில் கேட்ட கேள்வி

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் குழி வாயில் நின்று தன்னைச் சுரங்கக்காரி என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். சொன்னால் பாறைக்குள் இருக்கும் தங்கம் கோபித்துக்கொண்டு நகர்ந்துவிடுமாம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா எங்கள் ஊர்த் தங்கக் குன்றில்தான் உழைத்தாள். ஆண்கள் மேலே கொட்டும் கழிவுக் கல்லைப் பொறுக்கி, சுத்தியலால் உடைத்து, சலித்து, சாக்கு விரித்த பலகையில் கழுவித் துகள் எடுப்பாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பொறுக்கறேன்" என்பாள்.

பிறகு அரசாங்கம் குன்றை முறைப்படுத்தியது. குழிக்காரர்கள் சங்கம் சேர்ந்து உரிமம் வாங்கினார்கள். இனி வேலி வரும், அட்டை உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். பெயர் பதிய கெய்ட்டா நகரத்திலிருந்து சுஹூரா என்ற பெண் அதிகாரி வந்தாள். மரத்தடியில் உட்காரச் சொன்னதற்கு, ஆட்களை வேலை செய்யும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று குழி வாய்க்கே வந்து நின்றாள். கீழே பாறையில் தங்கத்தின் மஞ்சள் கோடு தெரிய ஆரம்பித்த வாரம் அது. ஆண்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"நீங்க சுரங்கத் தொழிலாளியாக்கா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா குழித்தலைவன் லுஹெண்டேயைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா. நான் சும்மா கல்லு பொறுக்கறவ."

"சும்மா பொறுக்கற கையா இது? இப்படிக் காய்ச்சுக் கெடக்கு?"

"அவங்க மாப்பிள்ளை தேடி வர்றாங்க மேடம்" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பெயரை எழுதட்டுமா என்று சுஹூரா இன்னொரு முறை கேட்டாள். அம்மா தலையாட்டி மறுத்தாள். அம்மாவோடு கல் பொறுக்கும், பின்னால் நின்ற கபுலாவும் மற்றப் பெண்களும் அம்மா சொன்னதையே சொன்னார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் வேலி வந்துவிட்டது. சுத்தியலும் பேசினுமாகப் போன பெண்களை வாசல் காவலாளி மரியாதையாகவே திருப்பி அனுப்பினான். கழிவுக் கல் இப்போது லாரியில் அரவை ஆலைக்குப் போகிறது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கெய்ட்டா அலுவலகத்துக்குப் போனாள். சுஹூராவுக்கு அடையாளம் தெரிந்தது. பதிவு முடிந்துவிட்டது, ஆனால் சங்கம் ஒப்புக்கொண்டால் பெண்களின் பெயர்களைச் சேர்த்துவிடுவேன் என்று சொன்னாள். அதனால் மறுநாள் வேலியோரம் போய் லுஹெண்டேயைக் கூப்பிட்டோம். தலைக்கவசத்தோடு வந்தான். பின்னால் ஆண்கள் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நானும் சுரங்கக்காரிதான்."

நான் பயந்துபோய் அந்த ஆண்களைப் பார்த்தேன். ஒருவன் தலை நிமிர்த்தினான். பிறகு கஞ்சியைக் குடித்தான்.

"தங்கம் கோவிச்சுக்கும்னு இல்லக்கா," என்றான் லுஹெண்டே. "தலைக்கு இவ்வளவுன்னு பங்கு பிரிச்சாச்சு. இனிமே ஆள் சேத்தா அவங்கவங்க பங்கு கொறையும். போன வாரமே பேசிப் பாத்தேன், ஒருத்தனும் ஒத்துக்கல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா என்ன? பசங்க ரெண்டு நாள் மொறச்சிருப்பானுங்க. அப்புறம் பழகியிருக்கும்." தலைக்கவசத்தைக் கழற்றினான். "நீங்க சொல்லுவீங்கன்னுதான்க்கா நான் வாயத் தொறக்காம நின்னேன்."

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். சோளக்கொல்லையைத் தாண்டியபோதுதான், "ரெண்டு நாள்தானாம்" என்றாள்.

தூரத்தில் கபுலாவும் மற்றப் பெண்களும் பதிலுக்காக எங்கள் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சுத்தியல்களையும் கொண்டு வந்திருந்தார்கள். அம்மா நின்றாள். அவர்கள் பார்ப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போகிற பாதையில் திரும்பினாள்.