சாக்பீஸில் நின்ற ரிங்கிட்

ஒரு நாட்டுக் காசு சரிந்தால் அதை நிமிர்த்த அந்த நாட்டு அரசாங்கமே திணறும். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த இசக்கிராஜா அதை ஒரு துண்டு சாக்பீஸால் செய்து முடித்தார். தொண்ணூற்றெட்டாம் வருஷப் பொங்கலுக்கு முந்தைய வாரம், உலகம் முழுக்க மலேசிய ரிங்கிட் விழுந்து ஒன்பது ரூபாயில் கிடந்தபோது, அவர் கடை வாசல் கரும்பலகையில் மட்டும் அது பன்னிரண்டரையாக நிமிர்ந்து நின்றது.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அப்படி எண்ணுகிற அளவுக்கு அவருக்கு மூளை போதாது என்பது மனைவி கல்யாணசுந்தரியின் கருத்து. அதில் அவருக்கும் மறுப்பில்லை.

மழை ஏமாற்றிய வருஷங்களில் புதூர்ப் பக்கத்து ஆண்கள் மலேசியாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போன் இசக்கிராஜா கடைக்கு வரும்; பெண்கள் பஸ் ஏறி வந்து காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே என்று, மதுரையில் வெளிநாட்டு நோட்டு மாற்றும் கடையில் வேலை பார்த்த மைத்துனனிடம் காலையில் விலை கேட்டுப் பலகையில் எழுதிப்போட ஆரம்பித்தார். பதினாலு இருந்த காலத்தில் அந்தப் பலகையைச் சாமி படம் மாதிரி பார்த்தார்கள். "அண்ணாச்சி கைராசி" என்றார்கள். இவரும் நம்பித் தொலைத்தார்.

பிறகு ரிங்கிட் இறங்கியது. பதிமூன்று எழுதிய அன்று ஒருத்தி, "ஏன் அண்ணாச்சி, இன்னைக்குக் காப்பி குடிக்காம எழுதிட்டியளோ?" என்றாள். பன்னிரண்டரை எழுதிய அன்று யாருமே பேசவில்லை. அதற்குக் கீழே எழுத அவருக்குக் கை வரவில்லை. எப்படியும் ஏறிவிடும், ஏறியதும் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தார். நோயாளியிடம் காய்ச்சலைக் குறைத்துச் சொல்வதில்லையா, அதுபோல என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு புதூர் ஆனந்திக்குப் போன் வந்தது. அவள் புருஷன் சுடலைக்குமார் மலேசியாவில் கிள்ளான் பக்கம் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தான். பூத்தின் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே பேசுவது வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் பொது.

"கம்பெனிய மூடுதானா? டிக்கெட் எடுத்துத் தந்தா உடனே கெளம்பிருவியளோ? போன மாசமே ரூவா கொறைஞ்சுதான் வந்துச்சு. கேட்டா ரிங்கிட் விழுந்துட்டுங்கீங்க. இங்கன போர்டுல பன்னெண்டரைன்னு கொட்ட எழுத்துல இருக்கு. மிச்சத்த அங்கன எவளுக்குக் குடுக்கீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை வெளியே நீட்டினாள். "உங்ககிட்ட கேக்கணுமாம் அண்ணாச்சி."

"சொகமா இருக்கியளா அண்ணாச்சி?" என்றான் சுடலைக்குமார். "இன்னைக்கு ரேட்டு என்னன்னு அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா."

வரிசை முழுக்க அவர் வாயைப் பார்த்தது. ஒன்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அத்தனை பேருக்கு முன்னால் தன்னுடைய பலகையையே பொய்யாக்க அவரால் முடியவில்லை.

"பன்னெண்டரைதான் தம்பி."



"அப்பம் இங்கன பணம் அனுப்புதவன்தான் என்னைய ஏய்க்கான் போல. சரி அண்ணாச்சி. பன்னெண்டரைன்னா இங்கனயே வேற வேல பாத்தாலும் கட்டும். நான் இருந்துக்கிடுதேன்னு சொல்லிருங்க."

கம்பெனி டிக்கெட்டில் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். சுடலைக்குமார் வேறொரு கட்டடத்தில் கிடைத்த கூலிக்குச் சேர்ந்தான். மாசியில் அங்கே சாரம் சரிந்து செத்தான். அடக்கமும் அங்கேயே முடிந்தது. அந்தச் செய்தி சொன்ன போனும் இசக்கிராஜா கடைக்குத்தான் வந்தது.

அதற்குள் பேங்கில் விசாரித்து உண்மையான விலை எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. பலகையைப் பார்ப்பதைத்தான் விட்டார்கள். நாலு பேர் வந்து சட்டையைப் பிடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"ஒம்பதுன்னு நான் சொல்லியிருந்தா அந்தப் பய வந்திருப்பானா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் கல்யாணசுந்தரி. திட்டவில்லை. அவள் திட்டாமல் விட்டதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மைத்துனனைக் கேட்டார். "ரேட்டு மாதிரிதான் அத்தான் ஆயுசும். நம்ம கையிலயா இருக்கு?" என்றான் அவன். விலை இவர் கையில்தான் இருந்தது என்பதை அவன் மறந்துவிட்டான்.

கம்பெனி டிக்கெட்டில் திரும்பி வந்த சாமித்துரையைத் தேடிக் கயத்தாறுக்கே போனார். சுடலைக்குமாரோடு ஒரே அறையில் இருந்தவன். "கெளம்பியிருக்கலாம், கெளம்பாமலும் இருந்திருக்கலாம் அண்ணாச்சி. டீ சாப்பிடுதியளா?" என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து டீதான் வந்தது.

கடைசியில் புதூருக்குப் பஸ் ஏறினார். ஊருக்கு வெளியே களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். ஆனந்தி உட்கார்ந்து, வெளுத்த வத்தலைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவருக்கு மிளகாய் நெடி தாங்கவில்லை. வாயைத் திறந்தபோதெல்லாம் தும்மல்தான் வந்தது. இந்த லட்சணத்தில்தான் தன்னால் ஒரு துக்கம்கூடக் கேட்க முடியும் என்று நினைத்துக்கொண்டார்.

"தண்ணி தரட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி. ஒண்ணு கேக்கணும். யாருகிட்ட கேட்டாலும் மழுப்புதாவ. அன்னைக்கு நான் ஒம்பதுன்னு சொல்லியிருந்தா, அவன் வந்திருப்பானா?"

அவள் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு வத்தலைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்தாள்.

"துணிமணியெல்லாம் கெட்டி வச்சிட்டுத்தான் போன் போட்டாவ. நீங்க ஒம்பதுன்னு சொல்லியிருந்தா, சந்தேகப்பட்டதுக்கு அழுதுட்டு, கெளம்பி வாங்கன்னு நானே சொல்லியிருப்பேன். வந்திருப்பாவ, அண்ணாச்சி."