பகலில் ஆளில்லாத அறைகள்

கணினிக்குள் கட்டடம் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுவர், ஜன்னல், உள்ளே எத்தனை பேர், எப்போது இருப்பார்கள் என்று மென்பொருளுக்குச் சொன்னால் போதும், வருடத்துக்கு அந்தக் கட்டடம் எத்தனை யூனிட் மின்சாரம் தின்னும் என்று அது சொல்லிவிடும். அதை வைத்து அவள் ஓர் இலக்கு எழுதிக் கொடுப்பாள். கட்டடத்தை நடத்துபவர்கள் அதைத் தாண்டக் கூடாது.

போன வருடம் வந்தது ஒரு முதியோர் இல்லம். அவளுடைய அப்பா இருக்கும் அதே இல்லம். மகள்தான் கணக்குப் போடுகிறாள் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

இரண்டே நாளில் வேண்டும் என்று மேலாளர் கழுத்தைப் பிடித்தார். முன்பு செய்த மாணவர் விடுதியின் கோப்பை எடுத்து, சுவரை மாற்றினாள், ஜன்னலை மாற்றினாள், பெயரையும் மாற்றினாள். விடுதிப் பிள்ளைகளின் நேரப்பட்டியலை மட்டும் மறந்துபோனாள். அதில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அறைகளில் ஆளில்லை, ஹீட்டர் வேண்டாம். இலக்கு அழகாகக் குறைந்து வந்தது. ஊரே பாராட்டியது. அவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

குளிர்காலத்தில், இலக்கைத் தாண்டினால் தன் வேலைக்கு உலை வைத்துவிடுவார்களோ என்று பயந்த இல்லத்து மேற்பார்வையாளர் பட்டியலில் உள்ளபடியே நடந்தார். அவளோ எப்போதும் அலுவலகம் முடிந்து ஆறு மணிக்குத்தான் அப்பாவைப் பார்க்கப் போவாள். அறை கதகதப்பாக இருக்கும். அப்பா இருமுவார்.

"என்னப்பா, இன்னும் விடலயா?"

"வயசான இருமல்மா. என்னை விட்டு எங்க போகும்?"

சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள் அப்பா போய்ச் சேர்ந்தார்.

சாமான்களை எடுக்க அவள் முதன்முறையாகக் காலை பதினொரு மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்தாள். குளிர் எலும்பைக் கடித்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர், பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"ரூம் ஹீட்டர் கெட்டுப்போச்சா?" என்றாள், கூட வந்த பணிப்பெண்ணிடம்.

"இல்லங்க. ஒம்பது மணிக்கு நிறுத்தினா அஞ்சு மணிக்குத்தான் போடுவாங்க. உங்க கணக்குல அப்படித்தான் இருக்காமே? ரொம்பக் கேட்டவங்களுக்கு இந்தச் சின்னதைக் கொடுத்தோம். அப்பாவுக்கு நானே கொண்டுவந்து வச்சேன். தொடமாட்டேன்னுட்டாரு. 'என் பொண்ணு போட்ட கணக்கு, நானே மீறினா அவ தலைகுனியணும்'னு போர்வைக்குள்ளயே கிடந்தாரு."



மறுநாள் கோப்பைத் திறந்து, ஒவ்வோர் அறையாகத் திருத்தினாள். பகலிலும் ஆள் உண்டு. பகலிலும் ஆள் உண்டு. இலக்கு ஏறிக்கொண்டே போனது. மேலாளர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் அப்பாவின் அறை வந்தது. அந்த ஓர் அறைக்கு மட்டும், பகலில் ஆளில்லை என்ற பழைய பட்டியல் இப்போது சரியாக இருந்தது. அவள் மேசையில் தலை கவிழ்ந்து, எல்லோரும் பார்க்க, விம்மி விம்மி அழுதாள்.