எஸ்ஸில் இருந்த வரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், நானும் சாமுண்டீஸ்வரியும் பக்கத்துப் பக்கத்து டெர்மினல். உதிரிபாகப் பட்டியல் அடிப்பதுதான் வேலை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. ஓர் எழுத்தின் கீழ் சேமித்துவிட்டால், அந்த எழுத்தைச் சொல்லிப் ‘பி’ தட்டியதும் வரி வந்து விழும். ‘ஏ’யில் போல்ட் விவரம், ‘சி’யில் கம்பெனி முகவரி.

‘எஸ்’ஸில் சாமுண்டி. கல்யாணமாகி இட்டார்சிக்குப் போகும் கடைசி நாளில், என் டெர்மினலில் உட்கார்ந்து, தினம் மதியம் என்னைக் கேட்பதை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தாள்: “இன்னாடி வசந்தா, துன்னியா இல்லியா? டப்பாவத் தொற.” அதற்கப்புறம் கழுதை ஒரு கடுதாசிகூடப் போடவில்லை.

பருத்திப்பட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அங்கே யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை. அதனால் தினம் மதியம் அந்த வரியை வரவழைப்பேன், படிப்பேன், யாரும் பார்ப்பதற்குள், கடைசியாகச் செய்ததை ரத்தாக்கும் ‘யு’வைத் தட்டி மறைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன்.

பட்டியல் அடிக்கும் எடிட்டர் புரோகிராமை மூடினால், எழுத்தின் கீழ் வைத்த வரி போய்விடும். சொந்த விஷயத்துக்குப் பைல் வைக்கக்கூடாது என்பது சூப்பர்வைசர் பரந்தாமன் சாரின் சட்டம். ஆகவே நான் மூடுவதே இல்லை. திரையை மட்டும் மங்கவைத்துவிட்டுப் போவேன். திட்டுவார், திட்டட்டும்.

அன்றைக்குக் கரண்ட் போனது. கம்ப்யூட்டர்களுக்கு வைத்திருந்த பேட்டரி கத்த ஆரம்பித்தது.

“பேட்டரி நிக்காதும்மா. சேவ் பண்ணிகினு எல்லாரும் வெளிய வாங்க,” என்றார் பரந்தாமன் சார்.

சட்டமாவது மண்ணாவது என்று, பட்டியலின் அடியில் சாமுண்டியின் வரியை இறக்கினேன். சேமித்தேன், மூடினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

கரண்ட் வந்ததும் பைலைத் திறந்தேன். கடைசி வரி வெறும் வாஷர் கணக்கு. அப்போதுதான் உறைத்தது. வரி விழுந்ததும் என் விரல், தினசரிப் பழக்கத்தில், ‘யு’வைத் தட்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் சேமித்திருக்கிறேன்.

வரி எனக்கு மனப்பாடம்தான். அடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்து பிசகவில்லை. ஆனால் என்னை நானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

“இன்னாம்மா, வேல ஓடலியா?” என்றார் பரந்தாமன் சார்.

“ஓடுது சார்,” என்று வரியை அழித்தேன். அன்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.